வாய்க்கால் சங்கத்துக் குரூப்பை வாட்ஸ்அப்பில் இருந்து கட்டற்ற செயலிக்கு மாற்ற எது தோதுப்படும்?

கீழ்பவானி_மதகு கேட்டது:

வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கம், கீழ்பவானி ஆயக்கட்டு. எங்க மதகுச் சங்கத்துக்கு வாட்ஸ்அப்ல ஒரு குரூப் இருக்குது, 140 பேரு. நிர்வாகக் குழு 11 பேருக்குத் தனியா இன்னொண்ணு. மூணு சங்கடமுங்க.

ஒண்ணு, குரூப்ல இருக்கிற நம்பர் எல்லாருக்கும் தெரியுது. உரக்கடை ஏஜென்ட்ல இருந்து கடன் ஆப்காரங்க வரைக்கும் அந்த நம்பரை எடுத்துக் கூப்பிடறாங்க. ரெண்டு, தண்ணி திறப்பு ஆணை, கிளை வாய்க்கால் தூர்வார்ன பில், வரவுசெலவு நோட்டுப் போட்டோ எல்லாம் காலை வணக்கப் படத்துக்கு அடியில போயிருது. போன் மாத்துனா அதுவும் இல்லை. மூணு, எதுவுமே சங்கத்துக்குச் சொந்தமில்லை. அட்மின் நம்பர் ஒருத்தரோடது. கம்பெனி விதியை மாத்துனா நாம போய்க் கேக்க ஆளில்லை.

கட்டற்ற மென்பொருளா (மூலநிரலை யாரும் பார்த்து மாத்திக்கலாம்ங்கிற மாதிரி), ஒரே கம்பெனி கையில இல்லாததாப் பார்த்து மாறலாம்னு குழுவுல பேச்சு. டெல்டா சாட், எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ், மாஸ்டடான், சிக்னல்னு பேரு தெரியும். எங்க ஆளுங்க பாதிக்கு மேல 50 வயசு தாண்டினவங்க. ரெட்மி, விவோ மாதிரி நாள்பட்ட போனுங்க. எழுதறதைவிட குரல்ல பேசி அனுப்பறதுதான் ஏகமா நடக்கும். எது தோதுப்படும், ஆளுங்களை எப்படி உள்ள கொண்டாறது, சர்வர் நாமளே வெச்சா என்ன ஆகும், சட்டச் சிக்கல் வருமா? விவரமாச் சொன்னீங்கன்னா உபகாரமுங்க.

நொய்யல்_கரை:

செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் குரூப்பைப் பிரித்துப் பாருங்கள். அந்த 140 பேர் குரூப்பில் நடப்பது மூன்று தனித்தனி வேலை. முதலாவது அறிவிப்பு: ஒற்றைப்படை மதகுக்குத் தண்ணீரா இரட்டைப்படைக்கா, எந்தத் தேதியில் திறப்பு, அடுத்த நனைப்பு எப்போது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது. இரண்டாவது நிர்வாகம்: பில், ஒப்புதல், கணக்கு. பதினோரு பேருக்குள் முடிகிற காரியம். மூன்றாவது பேச்சு: கல்யாணப் பத்திரிகை, மாடு விற்பனை, அரசியல்.

மூன்றாவதை நகர்த்த முயலவே வேண்டாம். ஒறம்பரை மொத்தமும் வாட்ஸ்அப்பில் இருக்கும்வரை அந்தப் பேச்சு அங்கேதான் நடக்கும். அதையும் சேர்த்து இழுத்தால் மற்ற இரண்டும் அதோடு நின்றுபோகும்.

முதலில் அந்த 11 பேரை மாற்றுங்கள். காரணம் எளிது. 140 பேரில் 30 பேர் மட்டும் புதிய செயலிக்கு வந்தால் அந்த 30 பேரும் இரண்டு இடத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அவர்களும் திரும்பிவிடுவார்கள். 11 பேரில் 11 பேரும் வந்தால் முதல் நாளிலேயே முழு வேலையும் அங்கேயே முடியும். ஒருவர் விடுபட்டாலும் அவருக்காக எல்லாரும் பழைய இடத்துக்குப் போவார்கள், அதனால் விடுபடுகிற அந்த ஒருவரிடம்தான் முதலில் போய் உட்கார வேண்டும்.

ஆள் வந்து தங்குவதற்கு ஒரு குறிப்பிட்ட வேலை அங்கே மட்டுமே நடக்க வேண்டும். பில் ஒப்புதல் இதற்குச் சரியானது. ஒரு தேதியைக் குறித்து, அன்றிலிருந்து புதிய செயலியில் வந்த பில்லுக்கு மட்டும்தான் காசோலை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தனியுரிமை, சுதந்திரம் என்று கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பொழுதோட வாட்ஸ்அப்பைத்தான் திறப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது நடக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நம்பர் வெளியே தெரிவது மட்டும்தான் குறை என்றால் வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. கம்யூனிட்டி ஆரம்பித்தால் அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் நம்பர் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது. கூட்டத்தில் யாராவது இதைக் கேட்பார்கள், அப்போது இல்லை என்று மறுக்காதீர்கள். உங்கள் மூன்றாவது சங்கடத்துக்குத்தான் அங்கே மருந்து கிடையாது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடியது. நம் நாட்டுச் செயலி கூ 2024 ஜூலையில் மூடியது. தமிழில் அங்கே எழுதிக் கூட்டம் சேர்த்தவர்களால் அந்தக் கூட்டத்தை எங்கும் எடுத்துப் போக முடியவில்லை. உள்நாட்டுக் கம்பெனியா வெளிநாட்டுக் கம்பெனியா என்பது இதில் இரண்டாவது கேள்வி. அரட்டை செயலியை யாராவது முன்மொழிந்தால் இதையே சொல்லுங்கள்: நம்மூர் நிறுவனத்துடையது, தமிழ் நன்றாக இருக்கும், ஆனால் மூலநிரல் திறந்ததல்ல, சர்வரும் ஒரே நிறுவனத்துடையது.

11 பேருக்கு என் தேர்வு டெல்டா சாட் அல்லது எக்ஸ்எம்பிபி வகையைச் சேர்ந்த ஸ்னிக்கெட். அந்த இரண்டையும் நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களே சொல்லட்டும்.

மஞ்சள்_மண்டி:

டெல்டா சாட் பற்றி நான் சொல்றேனுங்க. உள்ள நுழையறதுக்கு இதைவிட லேசான செயலி இப்போ இல்லை. நம்பர் கேக்காது, ஓடிபி கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. பிளே ஸ்டோர்ல இறக்கி, புது புரொஃபைல்னு தொட்டு, பேரு எழுதுனா முடிஞ்சுது. பின்னால மின்னஞ்சல் நெறிமுறைதான் ஓடுது. சாட்மெயில்னு சொல்ற சர்வர்ல ஒரு முகவரி தானா உண்டாகும், அதை ஆளுங்க பார்க்கவே வேண்டியதில்லை. சொந்த ஜிமெயிலையும் போடலாமுங்க, ஆனா அதுக்கு ஆப் பாஸ்வேர்ட் எடுக்கணும், பெட்டி நெறைய மெயில் வந்து குவியும். சங்கத்துக்கு அது வேண்டாம்.

ஆளைச் சேர்க்கறது க்யூஆர் மூலமாத்தான். ஒருத்தர் போன்ல குரூப்பைத் திறந்து க்யூஆர் காட்டுங்க, மத்தவங்க டெல்டா சாட்டுக்குள்ள இருக்கிற ஸ்கேனர்ல பிடிக்கட்டும். தூரத்துல இருக்கிறவங்களுக்கு அதே அழைப்பை லிங்க்கா அனுப்பலாம். இங்கதான் முதல் தடுமாற்றம் வரும்: சாட்மெயில் முகவரியைக் கையால எழுதிச் சேர்த்தா செய்தி போகாதுங்க. அந்தச் சர்வர் மறையாக்கம் செஞ்ச, அதாவது வேற யாரும் படிக்க முடியாம பூட்டுன செய்தியை மட்டும்தான் எடுத்துக்கும். அந்தப் பூட்டுக்கான சாவி கைமாறணும்னா க்யூஆரோ லிங்க்கோ வழியா வந்தே ஆகணும். "முகவரியைச் சொல்லுங்க, நான் சேர்த்துக்கறேன்"னு போன்ல கேக்கறவங்ககிட்ட இதை முன்னாடியே சொல்லி வையுங்க.

ரெண்டாவது, போன் தொலைஞ்சா கணக்கும் தொலைஞ்சுது. நம்பரும் பாஸ்வேர்டும் இல்லாததுக்கு இதுதான் விலை. அதனால சேர்க்கிற அன்னிக்கே ரெண்டுல ஒண்ணைச் செஞ்சிருங்க. அமைப்புல போய் ரெண்டாவது சாதனம் சேர்க்கிற இடத்தைத் தொட்டா ஒரு க்யூஆர் வரும், அதை மகன் போன்லயோ வீட்டுக் கம்ப்யூட்டர்லயோ பிடிச்சா அங்கேயும் அதே கணக்கு ஓடும். ரெண்டு சாதனமும் ஒரே வைஃபையில இருக்கணும், ஒண்ணு மொபைல் டேட்டாவுல இருந்தா நகல் ஏறாது. இல்லைன்னா பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பைப் பென்டிரைவ்ல போட்டு வையுங்க. அந்தக் கோப்பு யார் கையில கிடைச்சாலும் கணக்கைத் திறந்துக்கலாம், அதனால பீரோவுலதான் இருக்கணும். சர்வர்ல செய்தி நெடுநாள் தங்காதுங்க, கொஞ்ச நாள்ல அழிச்சிரும். மழை மாசத்துல போன் கெட்டு மாசக்கணக்கா அணைஞ்சே கிடந்தா இடையில வந்தது கிடைக்காமப் போகலாம்.

மூணாவது ரொம்ப முக்கியம். டெல்டா சாட் குரூப்ல அட்மின்னு ஒருத்தர் கிடையாது. உள்ள இருக்கிற யாரும் யாரையும் சேர்க்கலாம், நீக்கலாம், குரூப் பேரை மாத்தலாம். 11 பேரு நம்பிக்கையான ஆளுங்கன்னா அதுல குத்தம் இல்லை. 140 பேர்ல ஒருத்தருக்கொருத்தர் வரப்புத் தகராறு இருந்தா இது ஆகாது.

பில் போட்டோவை அனுப்பும்போது கேமரா பொத்தான்ல எடுக்காதீங்க, படம் சுருங்கி எண்ணெல்லாம் மங்கிரும். இணைப்புல "கோப்பு"ன்னு தேர்ந்தெடுத்து அனுப்புனா அளவு குறையாம போகும். குரல் பதிவு வாட்ஸ்அப் மாதிரியே மைக்கை அழுத்திப் பிடிச்சுப் பேசறதுதான், பெரியவங்களுக்குப் புதுசாச் சொல்லித்தர ஒண்ணுமில்லை.

தறிச்சத்தம்:

சோமனூர்ப் பக்கம் இருந்து எழுதுகிறேன். சங்கத்துக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற கேள்விக்கு எக்ஸ்எம்பிபிதான் நேரான பதில். செயலிகளும் சர்வர்களும் தங்களுக்குள் செய்தி பரிமாறும் பொது நெறிமுறை அது, 1999இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கியது. வாட்ஸ்அப்பே தொடக்கத்தில் எஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரைத் தனக்கேற்ப மாற்றி எழுதி வளர்ந்ததுதான், ஆக லட்சக்கணக்கான பேரைத் தாங்குமா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். உங்கள் 140 பேர் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பிராசடி, எஜாபர்டி என்று சர்வர் மென்பொருள் பல உண்டு. உங்களுக்கு ஸ்னிக்கெட் போதும். பிராசடியை அடியில் வைத்து, சர்வர், ஆண்ட்ராய்டு செயலி, ஐபோன் செயலி மூன்றையும் ஒரே பெயரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "எந்தச் சர்வர், எந்த ஆப்" என்ற கேள்வியே ஆளுக்கு வராது.

வேண்டியவை: ஒரு டொமைன், 1 ஜிபி ரேம் உள்ள ஒரு வாடகை லினக்ஸ் சர்வர். பெங்களூரு, மும்பை தரவு மையத்திலேயே மாதம் 5, 6 டாலருக்குள் கிடைக்கும். வீட்டில் பழைய கம்ப்யூட்டரில் வைக்க நினைக்காதீர்கள். வீட்டு இணைப்புகள் பலவற்றில் பொது இணைய முகவரி (ஐபிவி4) நமக்கென்று தனியாகத் தருவதில்லை, பல வீட்டுக்கு ஒரே முகவரிதான், அதனால் வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. கரண்ட் போனால் 11 பேருக்கும் செய்தி நிற்கும்.

டொமைனில் மூன்று பதிவு போடுங்கள். சாட் என்ற துணைப்பெயர் சர்வர் முகவரிக்கு. அதற்கு முன்னால் குரூப்ஸ், ஷேர் என்று இரண்டு துணைப்பெயர்கள், இரண்டும் முதலாவதைச் சுட்ட வேண்டும். இந்த இரண்டை மறப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. மறந்தால் தனிச்செய்தி போகும், குரூப்பும் படமும் போகாது, காரணம் தெரியாமல் செயலியைக் குறை சொல்வார்கள்.

சர்வரில் டாக்கர் (மென்பொருளைப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் கருவி) நிறுவி, ஸ்னிக்கெட் தரும் அமைப்புக் கோப்பில் டொமைன் பெயர், நிர்வாகி மின்னஞ்சல் என்ற இரண்டு வரியை நிரப்பினால் போதும். சர்வரின் ஃபயர்வாலில் (காவல் சுவர்) திறக்க வேண்டிய போர்ட்கள், அதாவது வாசல் எண்கள்: டிசிபி 80, 443, 5000, 5222, 5269. டிசிபி, யுடிபி இரண்டிலும் 3478, 3479, 5349, 5350. யுடிபியில் 49152 முதல் 65535 வரை. கடைசி வரிசை குரல் அழைப்புக்கு. அதை விட்டுவிட்டால் இரண்டு பேரும் ஒரே வைஃபையில் இருக்கும்போது பேச்சு கேட்கும், ஒருவர் தோட்டத்தில் மொபைல் டேட்டாவில் இருந்தால் மணி அடிக்கும், பேச்சு கேட்காது. 80ஐ மூடினால் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க முடியாமல் 90 நாளில் எல்லார் செயலியும் இணைப்பை மறுக்கும். பாதுகாப்பு என்று நினைத்து அதை மூடுகிறவர்கள் உண்டு, வேண்டாம்.

ஆளைச் சேர்ப்பது அழைப்பு லிங்க்கில். யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளும் வழி இதில் கிடையாது, அதனால் கடன் ஆப்காரர் உள்ளே வர முடியாது. லிங்க்குக்குக் கெடு வைக்கலாம், ஒரே லிங்க்கைப் பலருக்குக் கொடுக்கவும் செய்யலாம். லிங்க்கைத் தொட்டு பிளே ஸ்டோருக்குப் போய்ச் செயலியை நிறுவியவர்களில் சிலருக்கு அழைப்பு விட்டுப்போய், வெறும் நுழைவுப் பக்கம் நிற்கும். பழைய லிங்க்கை மறுபடி ஒரு தரம் தொடச் சொல்லுங்கள், சரியாகிவிடும். ஒரே வட்டத்தில் சேர்த்தவர்கள் எல்லாரும் ஒருவர் பட்டியலில் ஒருவர் தானாக வந்துவிடுவார்கள், குரூப்பும் தயாராக இருக்கும். தெரிவது பெயர் மட்டும், நம்பர் எங்கும் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, இயல்பாகச் சர்வரில் செய்தியும் படமும் 7 நாள்தான் இருக்கும், அமைப்பில் நீட்டிக்கலாம். எப்படியானாலும் சாட்டைக் கோப்பு அலமாரியாக நம்பாதீர்கள். பில்லும் ஆணையும் தனியாக ஒரு கோப்புறையில், அச்செடுத்த நகலாகவும் இருக்கட்டும். இரண்டாவது, ஸ்னிக்கெட் பயன்படுத்தும் ஓமெமோ என்ற மறையாக்கத்தில் புதிய போனில் பழைய செய்தியைத் திறக்க முடியாது. "எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று ஒருவர் சொன்னால் அது இதுதான். போன் மாற்றும் முன் பழைய போனில் இருந்து எடுத்துவைக்க வேண்டியதை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

சொந்தமாக டொமைன் வாங்கியே தீர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2005இல் வந்த கூகுள் டாக் எக்ஸ்எம்பிபியில்தான் ஓடியது, மற்றச் சர்வர்களோடும் பேசியது. கோடிக்கணக்கானவர்கள் அங்கே சேர்ந்த பிறகு, 2013இல் ஹேங்அவுட்ஸுக்கு மாறும்போது வெளியாரோடு பேசும் வழியை அடைக்கத் தொடங்கினார்கள். நெறிமுறை திறந்ததாக இருந்தும் முகவரி கூகுளுடையதாக இருந்ததால் ஆட்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். முகவரி உங்கள் பெயரில் இருந்தால் நாளைக்கு ஸ்னிக்கெட்டை விட்டு வேறு சர்வருக்குப் போனாலும் அதே முகவரியோடு போகலாம்.

கடைவீதி_மொபைல்ஸ்:

மேல சொன்னது எல்லாம் சரியாச் செஞ்சாலும் ஒரு விசயத்துல குரூப் செத்துப்போகும்: நோட்டிஃபிகேஷன் வராது. போன் கம்பெனிங்க பலதும் வாட்ஸ்அப் மாதிரி பெரிய செயலிங்களுக்கு முன்கூட்டியே விலக்கு கொடுத்து வெச்சிருக்கிறாங்க. புதுசா நிறுவுற செயலியைத் திரை அணைஞ்ச கொஞ்ச நேரத்துல நிறுத்திருவாங்க. ஸ்னிக்கெட், கான்வர்சேஷன்ஸ் (எக்ஸ்எம்பிபிக்கான இன்னொரு செயலி) வகைச் செயலி சர்வரோட தொடர்பைத் திறந்தே வெச்சிருக்கிறது, அதை நிறுத்துனா செய்தி வராது. ஆளு சாயங்காலம் திறந்து பார்த்தா பத்துச் செய்தி ஒண்ணா விழும். ரெண்டு தடவை இப்படி ஆனா அப்புறம் அந்தச் செயலியைத் தொடவே மாட்டாங்க. அதனால ஒவ்வொரு போனையும் கையில வாங்கிச் செஞ்சே ஆகணுமுங்க.

ரெட்மி, போக்கோ: அமைப்பு, ஆப்ஸ், அந்தச் செயலி. அங்க ஆட்டோஸ்டார்ட் போடுங்க. பேட்டரி சேவர்ல "நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" வையுங்க. அப்புறம் சமீபத்திய செயலிகள் திரையில அந்தச் செயலியை அழுத்திப் பிடிச்சுப் பூட்டுப் படத்தைத் தொடுங்க. எல்லாத்தையும் மூடுற பொத்தானைத் தட்டுற பழக்கம் நம்மாளுங்களுக்கு ஏகம், அந்தப் பூட்டு இல்லைன்னா தட்டுனதும் போயிரும்.

விவோ: பேட்டரிக்குள்ள பின்னணி மின்செலவு நிர்வாகம்னு இருக்கும், அங்க அதிக மின்செலவை அனுமதின்னு வையுங்க. ஆட்டோஸ்டார்ட் தனியா இருக்கும். ஓப்போ, ரியல்மி: செயலித் தகவல்ல பேட்டரி பக்கம் போய், தானா தொடங்கறதையும் பின்னணியில இயங்கறதையும் அனுமதிங்க. சாம்சங்: தூங்கும் செயலிகள் பட்டியல்ல இருந்து எடுத்து "ஒருபோதும் தூங்காதவை"யில சேர்த்துருங்க.

ஆண்ட்ராய்டு 13லயும் அதுக்கு மேலயும் இன்னொண்ணு. முதல் தடவை திறக்கும்போது நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமான்னு கேக்கும். என்னமோ கேக்குதுன்னு பயந்து "வேண்டாம்"னு தட்டிருவாங்க. நாமளே "அனுமதி" தட்டிக் கொடுக்கணும். ஸ்னிக்கெட் மாதிரி செயலிங்க மேல் பட்டையில நிரந்தரமா ஒரு அறிவிப்பு வெச்சிருக்கும், அதுதான் அதை உயிரோட வெச்சிருக்கிறதுன்னு சொல்லிக்கொடுங்க. தொல்லைன்னு அதை அணைக்கப் பார்ப்பாங்க.

செஞ்சு முடிச்சதும் சோதிக்காம அனுப்பாதீங்க. வைஃபையை அணைச்சு, மொபைல் டேட்டாவுல வெச்சு, திரையை அணைச்சு அரை மணி நேரம் மேசையில வையுங்க. அதுக்கப்புறம் செய்தி அனுப்பி மணி அடிக்குதான்னு பாருங்க. சார்ஜர் சொருகி இருக்கக்கூடாது, சார்ஜ் ஏறும்போது போன் யாரையும் நிறுத்தாது, சோதனை பொய்யாப்போகும்.

செயலியை பிளே ஸ்டோர்லயே இறக்குங்க. எஃப்-டிராய்டு (கட்டற்ற செயலிங்களுக்கான கடை) நல்ல இடம்தான், எனக்கும் அதுல மதிப்பு உண்டு. ஆனா பெரியவங்க போன்ல "தெரியாத மூலம்"னு எச்சரிக்கை வந்ததும் பயந்துக்குவாங்க. மேட்ரிக்ஸுக்கான எலிமென்ட் மாதிரி சில செயலிங்க எஃப்-டிராய்டு பதிப்புல கூகுள் வழியா வர்ற அறிவிப்பு இல்லாம வரும், அதுக்கு மாத்து ஏற்பாடு தனியாச் செய்யணும். கான்வர்சேஷன்ஸ் பயன்படுத்தறதா இருந்தா அமைப்புல விரைவுச் செயல்ங்கிற இடத்துல குரல் பதிவைத் தேர்ந்தெடுத்து வெச்சுக் கொடுங்க, இல்லைன்னா மைக் எங்க இருக்குதுன்னு தேடி ரெண்டு மெனுவுக்குள்ள போகணும்.

ஒரு போனுக்குப் பொறுமையா இருபது நிமிசம் ஆகுமுங்க. 11 பேருக்கு ஒரு மாலைப்பொழுது. அதுக்கு மேல ஒரே நாள்ல எடுத்துக்காதீங்க.

சிப்காட்_அக்கட்ட:

மேட்ரிக்ஸும் சட்டமும். மேட்ரிக்ஸும் எக்ஸ்எம்பிபி போல ஒரு திறந்த நெறிமுறை, 2014இல் தொடங்கியது, பிரெஞ்சு அரசு ஊழியர்களின் ச்சாப் செயலி இதன்மேல் கட்டப்பட்டதுதான். கூட்டமைப்பு (வேறு வேறு சர்வர்கள் தங்களுக்குள் பேசுவது), கோப்பு, பல அறைகள் எல்லாவற்றிலும் வலுவானது. ஆனால் உங்கள் ஆட்களுக்கு இரண்டு இடத்தில் இடறும். கணக்கு தொடங்கும்போது ஒரு மீட்புச் சாவி கொடுக்கும், நீளமான எழுத்துக்கோவை. அதைக் காகிதத்தில் எழுதி வைக்காதவர் போன் மாற்றியதும் பழைய செய்திகள் எல்லாம் "திறக்க முடியவில்லை" என்றே தெரியும். சொந்தச் சர்வர் என்றால் பெரும்பாலும் சினாப்ஸ் என்ற சர்வர் மென்பொருளை நிறுவ வேண்டும். அதன் தரவுத்தளத்தை எஸ்க்யூலைட்டில் தொடங்கினால் நாளடைவில் திணறும், போஸ்ட்கிரெஸ்தான் வேண்டும். வெளியூர்ப் பெரிய அறை ஒன்றில் ஒருவர் சேர்ந்தால் போதும், அந்த அறையின் சுமை உங்கள் சர்வரில் ஏறும். 1 ஜிபி ரேமில் அது மூச்சு வாங்கும்.

சட்டம். 2023 மே மாதம் மத்திய அரசு 14 செய்தியனுப்பும் செயலிகளைத் தடுத்தது. அந்தப் பட்டியலில் எலிமென்ட்டும் பிரையரும் இருந்தன, இரண்டும் கட்டற்ற மென்பொருள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் வந்த தடை, ஜம்மு காஷ்மீர் பாதுகாப்பைக் காரணமாகச் சொன்னார்கள். செயலியின் வலைத்தளத்தைத் தடுத்தாலும் அதே நெறிமுறையில் ஓடும் வேறு செயலி வேலை செய்யும், கூட்டமைப்பின் பலனே அதுதான். ஆனாலும் ஒரு விவசாயிகள் சங்கம் தடைப்பட்டியலில் பெயர் வந்த செயலியை உறுப்பினர் கையில் கொடுப்பது தேவையில்லாத பயத்தைக் கிளப்பும். ஸ்னிக்கெட்டும் டெல்டா சாட்டும் அந்த 14இல் இல்லை. முடிவெடுக்கும் முன் ஏர்டெல், ஜியோ, பிஎஸ்என்எல், வி நான்கு சிம்மிலும் சர்வர் எட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்றில் வந்து இன்னொன்றில் வராமல் இருப்பது நடப்பதுதான்.

2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை இன்னொரு உத்தரவு போட்டது: கைபேசி எண்ணை அடையாளமாக வைத்து இயங்கும் வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், அரட்டை போன்றவை அந்தச் சிம் போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும், கணினி வழி நுழைவு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற வேண்டும் என்று. சங்க அலுவலகத்துக் கணினியில் இருந்து வாட்ஸ்அப் வெப் வழியாக வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிக்னல் கட்டற்றதுதான், மறையாக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. 2024 பிப்ரவரியில் இருந்து பயனர் பெயர் வைத்து நம்பரை மறைக்கலாம், ஆனால் கணக்கு தொடங்க நம்பர் வேண்டும், சர்வர் ஒரே அமைப்புடையது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் விதி மாற்றத்துக்குப் பயந்து கூட்டம் கூட்டமாக ஆள் வந்தபோது அந்த ஒரே சர்வர் திணறி உலகம் முழுக்க நின்றது. மற்றவை எல்லாம் சிரமம் என்று குழு சொன்னால் சிக்னலுக்குப் போவதில் தவறில்லை. உங்கள் முதல் சங்கடம் தீரும், மூன்றாவது தீராது.

வாட்ஸ்அப்பையும் மேட்ரிக்ஸையும் இணைக்கும் பாலம் ஒன்று உண்டு என்று யாராவது சொல்வார்கள். வாட்ஸ்அப் வெப் போலவே இணைந்த சாதனமாக அது நுழையும், மூலப் போன் 14 நாள் இணையத்தில் வராவிட்டால் அறுந்துபோகும். வாட்ஸ்அப் விதிப்படி அது அனுமதிக்கப்பட்டதில்லை, எண்ணை முடக்கும் ஆபத்து உண்டு. தலைவருடைய சொந்த எண்ணில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

தாராபுரம்_பூங்கொடி:

நொய்யல்கரை அண்ணா சொன்னதோட ஒத்துப்போறேனுங்க, ஒரு இடத்துல மட்டும் பதம் வேணும். புது இடத்துக்கு ஆளை வரவைக்கணும்னு அவசரச் செய்தியை அங்க மட்டும் போடறது கூடவே கூடாது. மதகு திறக்கிற நேரம், வாய்க்கால் உடைப்பு, கரண்ட் கம்பி அறுந்து கிடக்கிற செய்தி எல்லாம் வாட்ஸ்அப், ஒலிபெருக்கி, போன் அழைப்புன்னு எல்லா வழியிலயும் போகணும். ஒருத்தருக்குச் சேதி எட்டாம நாத்து காஞ்சா அதுக்கப்புறம் எந்தச் செயலியையும் அந்த ஊருல பேச முடியாது. நிர்வாக வேலையை மட்டும்தான் புது இடத்துல பூட்டி வைக்கலாம்.

அறிவிப்புக்கு மாஸ்டடான்ல (எக்ஸ் மாதிரி பொதுவில எழுதற தளம், ஆனா ஒரே கம்பெனி கையில இல்லாதது) சங்கத்துப் பேர்ல ஒரு பொதுக் கணக்கு வையுங்க. அதைப் படிக்க யாருக்கும் கணக்கு வேண்டாம், பிரவுசர்ல முகவரியைத் தட்டினாப் போதும். 140 பேர்ல யாரையும் எதுலயும் சேர்க்காமலே அறிவிப்பு வாட்ஸ்அப்புக்கு வெளியில ஒரு நிலையான இடத்துக்கு வந்துரும். வாட்ஸ்அப் குரூப்ல முழுச் சேதியையும் போட்டு, கீழ அந்த லிங்க்கையும் ஒட்டுங்க. பழைய ஆணை எங்கேன்னு கேக்கறவங்க அங்க போய்ப் பாத்துக்குவாங்க. கணக்கு முகவரியோட கடைசியில .rss சேர்த்தா ஆர்எஸ்எஸ் ஓடை (புதுப் பதிவை வேற தளம் தானா எடுத்துக்கிற வழி) கிடைக்குது, பக்கத்து மதகுச் சங்கத்துக்காரங்க அதை அவங்க தளத்துல இழுத்துக்கலாம். இயல்பா 500 எழுத்து இடம் இருக்குது. எக்ஸ்ல "கி"ன்னு எழுதுனா ரெண்டு எழுத்தாக் கணக்காகும், மாஸ்டடான்ல ஒண்ணுதான், அதனால தமிழ்ல எழுதறவங்களுக்கு 500ங்கிறது நெசமாவே தாராளம்.

ஆளுங்ககிட்ட விளக்கறதைப் பத்தி. கூட்டமைப்பு, சர்வர், மறையாக்கம்னு ஆரம்பிக்காதீங்க. யாராவது கேட்டா, ஏர்டெல் சிம்மில இருந்து பிஎஸ்என்எல் சிம்முக்குப் பேசற மாதிரி வேற வேற இடத்துல இருந்தும் பேசிக்கலாம்னு ஒரு வரி போதும். கேக்காதவங்களுக்கு அதுவும் வேண்டாம். "இதுல உங்க நம்பர் யாருக்கும் தெரியாது"ங்கிறதுதான் காதுல ஏறும். முக்கியமாப் பொம்பளைங்களுக்கு.

அதுல இன்னொண்ணு இருக்குதுங்க. தோட்டத்துல தண்ணி பாச்சறதுல பாதி பேரு பொம்பளைங்க. ஆனா குரூப்ல இருக்கிறது வீட்டுக்காரரோட நம்பர். அவரு திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தா சேதி அவரு பாக்கெட்ல கிடக்கும், மடை மாத்த வேண்டிய அம்மாவுக்குத் தெரியாது. வீட்டுல ஒரே போன்னா, நம்பர் கேக்காத டெல்டா சாட்ல ஒரே போன்ல ரெண்டு புரொஃபைல் வைக்கலாம், அவருக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. சிம் இல்லாம வைஃபையில ஓடற பழைய போன்லயும் கணக்கு தொடங்கலாம். நிர்வாகக் குழுவுல இருக்கிற பெண் உறுப்பினர்களை முதல்ல சேருங்க. அவங்க வெறும் பேருக்கு இல்லாம நேரடியாப் பில் பார்க்கிறதுக்கு இது வழியாகும்.

முகம் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருக்கோணும். "பிரச்சினைன்னா பால் சொசைட்டியில காலையில 7 மணிக்கு இன்னார்கிட்டக் காட்டுங்க"ன்னு இடமும் நேரமும் சொல்லுங்க. உதவிக்கு ஒரு லிங்க் அனுப்பறது உதவியே இல்லை. செயலியில தமிழ் பாதிதான் இருக்கும் சில இடத்துல. மொழிபெயர்ப்பு எல்லாம் பொதுத் தளத்துலதான் நடக்குது, காலேஜ் பிள்ளைங்க நாலு பேரு உட்கார்ந்தா விட்டுப்போன வரிகளைப் போட்டுரலாம். நம்மாளுங்க தொடற பொத்தான்களை முதல்ல போடச் சொல்லுங்க, அமைப்புப் பக்கம் அப்புறம் ஆகட்டும்.

கீழ்பவானி_மதகு:

எல்லாருக்கும் நன்றிங்க. அப்படீன்னா 11 பேருக்கு ஸ்னிக்கெட், அறிவிப்புக்கு மாஸ்டடான், 140 பேர் குரூப் இருக்கிறபடியே இருக்கட்டும்னு குழுவுல வைக்கிறேன். தறிச்சத்தம் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். சர்வர் பாத்துக்கிறவரு வெளிநாடு போயிட்டாலோ, உடம்புக்கு முடியாமப் போனாலோ என்ன பண்றது? அதேதான, ஒருத்தர் கையில மாட்டிக்கிறது?

தறிச்சத்தம்:

சரியான கேள்விங்க தம்பி. சர்வரை விட டொமைன்தான் முதல். தனியாள் பேரில் வாங்க வேண்டாம், சங்கத்துப் பேரில், சங்கத்து மின்னஞ்சலில் வாங்குங்கள். அந்த மின்னஞ்சலின் மீட்பு எண் செயலாளர் மாறும்போது சாவிக்கொத்தோடு சேர்ந்து கைமாற வேண்டும். டொமைனை ஒரே தவணையில் மூன்று வருடத்துக்குக் கட்டுங்கள், முடியும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சர்வர் வாடகையும் சங்கக் கணக்கில் இருந்தே போகட்டும். ஒருவர் சொந்த கார்டில் கட்டினால் அது அவருடைய சர்வர்தான்.

ஸ்னிக்கெட்டில் நிர்வாகி உரிமை இரண்டு பேருக்குக் கொடுங்கள், சர்வர் கடவுச்சொல்லை மூடிய உறையில் பொருளாளர் பெட்டியில் வையுங்கள். தரவு எல்லாம் ஒரே டாக்கர் வால்யூமில் (சேமிப்பிடத்தில்) இருக்கும். வாரம் ஒருமுறை அதை நகலெடுத்து வேறு இடத்துக்கு அனுப்பும்படி தானியங்கியாக வைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வழக்கமாகப் பார்க்காத அந்த இரண்டாவது ஆளை விட்டு, அந்த நகலை ஒரு புதிய சர்வரில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு வாடகை சில ரூபாய்தான். அவர் கையால் ஏறினால் கவலையில்லை. ஏறவில்லை என்றால் என்ன விட்டுப்போயிற்று என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.